பதில் சொல்ல ஓர் ஆள்

இவாசே ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது இந்த ஆறு வருடத்தில் நாலைந்து தடவை இருந்தால் அதிகம். சாப்பிடுவதுகூட நின்றபடிதான். உப்புச் சால்மன் வைத்த சோற்று உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் அலுவலக ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே தின்பாள். "தரை தேயுது, உட்காரு" என்று கத்துவேன். உட்காருவாள். இரண்டாவது வாய்க்குள் எழுந்துவிடுவாள். அவளுக்கு ஒரு காலத்தில் புருஷன் இருந்தான். மூன்று வருடம் தாக்குப்பிடித்தான். "உன்னோட குடித்தனம் பண்றதும் மின்விசிறியோட குடித்தனம் பண்றதும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவளே இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மின்விசிறி நின்றால்தானே புழுக்கம் தெரியும், அந்த மடையனுக்கு?

என் பெயர் ஓகிதா. ஜப்பான் கடல் பக்கத்துச் சின்ன விமான நிலையம் எங்களுடையது. வருவதும் போவதுமாக ஒரு நாளைக்குப் பதினாறு விமானம். விமானங்களுக்கு வழி சொல்லும் டவரில் யார் எப்போது ஏறுவது, யார் எப்போது இறங்குவது என்று கட்டம் போட்டுப் பெயர் எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதேதான். மேலே இருப்பவர்களுக்கு வானம் தெரியும், எனக்குக் கட்டம் தெரியும்.

இவாசேயின் அம்மா கானாங்கெளுத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பெண்ணின் பள்ளிக்கூட அறிக்கையில் வருடா வருடம் ஒரே வரிதான் வருமாம்: "இருக்கையில் இருப்பதில்லை." அப்படிப்பட்டவள் எப்படி விமானங்களைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு வந்தாள் என்று கேட்டேன். "அங்க உட்கார நாற்காலி இருக்கு, ஆனா யாரும் உட்காரச் சொல்றதில்ல" என்றாள். உண்மை வேறு. அந்த மனுஷி அடங்கி நின்ற ஒரே இடம் டவர்தான். ஐந்து மாடி ஏறி, ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு முன்னால் நின்றாளானால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கண் மட்டும் நகரும். தேநீர் கொண்டுபோகும் சாக்கில் அதைப் பார்க்கவே நான் மேலே ஏறியிருக்கிறேன். கீழே இறங்கியதும் பழையபடி நடை.

எங்கள் டவரில் ஒரு பழக்கம் உண்டு. ரயில்காரர்களிடமிருந்து வந்தது என்பார்கள். எதையும் மனசுக்குள் சரிபார்த்தால் போதாது. விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விமானத்தை இறங்கவிடும் முன்னால் ஒருவர், ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலாலேயே கோடு இழுத்து, "ஓடுபாதை, காலி!" என்பார். பக்கத்தில் இருப்பவர் அந்த விரலைப் பார்க்கக்கூடாது. ஓடுபாதையைத் தன் கண்ணால் தனியாகப் பார்த்துவிட்டு, "காலி, சரி!" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வந்தபிறகுதான் விமானிக்கு வார்த்தை போகும்.

இவாசேக்குப் பதில் சொல்கிறவர் தாஜிரி. ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, பேச்சு இழுவை. நெருப்புக்கு எருமையைத் துணை போட்டாற்போல் இந்த இரண்டு பேரை ஜோடி சேர்த்தவள் நான்தான். ஐந்து வருடம் ஒன்றாக நின்றார்கள். பெயருக்குப் பின்னால் 'சான்' என்று மரியாதை சேர்த்துக்கொண்டே தினமும் சண்டை.

"ஓடுபாதை, காலி!"

தாஜிரி பார்த்துக்கொண்டே இருப்பார்.

"சீக்கிரம் சொல்லுங்க தாஜிரி சான். விமானத்துக்கு வயசாகிடும்."

"பாத்துட்டுத்தாம்மா சொல்லணும். அந்தக் கோடியில ஒரு கொக்கு நிக்குது."

"கொக்கா? எங்க?"

கொக்குதான். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். பறவை விரட்டும் வண்டி போய் விரட்டிவிட்டு வந்தபிறகு, அவர் மறுபடியும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, "காஆலி... சரிங்கோ" என்றார். அந்த "சரிங்கோ" வருவதற்குள் இவாசே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் இந்தப் பழக்கத்தைக் கேலி பேசாத நாளில்லை. "வீட்ல கழிப்பறை விளக்கை அணைச்சாலும் விரலை நீட்டுவியாடி?" என்று கேட்டேன்.

"நீட்டுவேன், ஓகிதா சான். பதில் சொல்லத்தான் ஆள் இல்ல."

போன வருடம் செப்டம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து முரோயி வந்தார். இவாசேயோடு ஒன்றாகப் படித்தவர், தலைநகர விமான நிலையத்தில் ஒன்பது வருடம் அவளுக்குப் பக்கத்து மேசை. ஒருநாள் வேலையில் இருக்கும்போதே வயிற்றுப்புண் உடைந்து ரத்தவாந்தி எடுத்தவர். அதற்கப்புறம் அலுவலக வேலைக்கு மாறினார். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் மாத்திரை. எங்களை எல்லாம் கூட்டி வைத்து அவர் சொன்னது இதுதான்: காலையும் மாலையும் கூட்டமான நேரம் தவிர, டவரில் இனி ஒருவர் போதும். அக்டோபர் முதல் மார்ச் வரை சோதனை. ஒரு குறையும் பதிவாகவில்லை என்றால் ஏப்ரலில் இதுவே நிரந்தரம், மேலும் பத்து ஊர்களுக்கும் இதே முறை வரும்.

யாரோ முணுமுணுத்தார்கள். முரோயிக்குக் கோபம் வரவில்லை, அசதிதான் தெரிந்தது.

"தலைநகர்ல நம்ம ஆளுங்க ஆறு மணி நேரம் கழிப்பறைக்குப் போக முடியாம நிக்கிறாங்க. மாத்தி விட ஆள் கிடையாது. புதுசா எடுக்கக் காசு இல்லைங்கிறாங்க. எடுத்தாலும் பழக்கிவிட வருஷக்கணக்காகும். இங்க நடுப்பகல்ல ரெண்டு மணி நேரம் ஒரு விமானம் கிடையாது, ஆனா மேல ரெண்டு பேர். நீங்களே சொல்லுங்க, நான் எங்கேருந்து ஆள் எடுக்கட்டும்?"

எனக்கு அந்த மனுஷன் மேல் எரிச்சல்தான், ஆனால் பதில் இல்லாத கேள்வியைக் கேட்டவனை எப்படித் திட்டுவது? அன்று மாலை இவாசே என் அறையில் நடந்துகொண்டே சொன்னாள்: "அவன் சொல்றது பொய்யில்ல. அங்க இருந்தப்ப நான் ரயில்ல நின்னுகிட்டே தூங்கிருக்கேன். முழிச்சுப் பார்த்தா விரல் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல நின்ன பொம்பள பயந்து தள்ளிப் போயிட்டா."

தாஜிரியும் இன்னும் இரண்டு பேரும் தலைநகருக்குப் போனார்கள். என் கட்டங்களில் இரண்டு பெயர் இருந்த இடத்தில் ஒன்று ஆயிற்று. எனக்கு வேலை பாதியானது. சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டவர் மேசையில் இரண்டு சிவப்புக் கட்டைகள் இருந்தன, சோப்புக்கட்டி அளவில். ஓடுபாதையில் வண்டி ஏதாவது ஏறினால் அனுமதி கொடுத்தவர் தன் கட்டையை மேசை நடுவில் வைக்க வேண்டும், வண்டி வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். பனி அள்ளும் வண்டிகளுக்கு இவாசேயின் கட்டை. மற்ற வண்டிகளுக்குத் தாஜிரியின் கட்டை. இப்போது ஆள் ஒன்று, மேசை ஒன்று, கட்டையும் ஒன்று போதும் என்று மற்றொன்றைக் கீழே அனுப்பினார்கள். அதை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எதற்கென்று நான் யோசிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

நவம்பரில் ஒருநாள் தேநீர் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். கடைசிப் படியில் இருக்கும்போதே தாஜிரியின் குரல் கேட்டது. அட, லீவில் வந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தால் இவாசே மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள். விரலை நீட்டினாள்.

"ஓடுபாதை, காலி!"

அடுத்த மூச்சில் குரலைத் தாழ்த்தி, இழுத்து, அவளே சொன்னாள்: "காஆலி... சரிங்கோ."

அச்சு அசல் தாஜிரி. நான் சிரித்த சிரிப்பில் தட்டில் பாதித் தேநீர் கொட்டிப்போயிற்று. விமானத்துக்கு வார்த்தை கொடுத்து முடித்துவிட்டு அவளும் சிரித்தாள்.

"என்ன பண்றது ஓகிதா சான், பதில் வராம வார்த்தை தொண்டையை விட்டு வெளியே வர மாட்டேங்குது."

"ஒத்தை ஆளுக்குன்னு வந்த புது விதிப் புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"நாற்பது பக்கம் இருக்கு. விரலை நீட்டிச் சொல்லணும்னு போட்டிருக்கு. யாரு பதில் சொல்றதுன்னு போடல."

வீட்டுக்குப் போய் என் புருஷனிடம் அதை நடித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

ஜனவரி இருபதாம் தேதி. விடியும்போதே பனி முழங்கால் உயரம். கமேயாமாவின் ஆட்கள் ஆறு வண்டியோடு காத்திருந்தார்கள். கோடையில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறவர்கள், குளிர்காலத்தில் எங்களுக்குப் பனி அள்ளுகிறவர்கள். பத்தே முக்காலுக்கு ஒரு விமானம் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் ஓடுபாதையைத் தள்ளி முடிக்க இவாசே அவர்களை உள்ளே விட்டாள், கட்டையை மேசை நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கிழக்கு முனையிலிருந்து ஓனுமா கூப்பிட்டான். தரை எவ்வளவு வழுக்குகிறது என்று அளந்து பார்க்கும் சின்ன வண்டி அவனுடையது. வழக்கமாகப் பனி வண்டிகளுக்குப் பின்னால் ஏழாவதாகப் போகிறவன், அன்றைக்கு நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று எதிர் முனையிலிருந்து தனியாக அனுமதி கேட்டான். கொடுத்தாள். கட்டையை வைக்கக் கையை நீட்டினால் கட்டை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

பத்து நாற்பதுக்குக் கமேயாமா வயர்லெஸ்ஸில் சொன்னார்: "பனி வண்டி ஆறும் வெளியே வந்தாச்சுங்க."

அவள் கட்டையை எடுத்தாள். மேசை காலியாயிற்று. மேசை காலியானதும் மனசிலும் ஓடுபாதை காலியாகிவிட்டது. ஒரு கண் நேரத்தைப் பார்க்க, காதில் விமானி கேட்டுக்கொண்டே இருக்க, விரல் மட்டும் பழக்கத்தில் கோடு இழுத்தது. கிழக்கு முனையில் காற்று பனியை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

"ஓடுபாதை, காலி!"

"காஆலி, சரிங்கோ."

விமானத்துக்கு வார்த்தை போயிற்று. அதற்குள் எழுபத்து மூன்று பயணிகள். மேகத்துக்குக் கீழே விமானத்தின் விளக்கு தெரிந்த நேரத்தில்தான், கிழக்கு முனையில் ஒரு மஞ்சள் விளக்கு ஓடுபாதையை விட்டு இறங்கி வெளியே போவதை இவாசே பார்த்தாள். "வழுக்கல் வண்டி வெளியே வந்தாச்சு" என்றான் ஓனுமா. ஒன்றரை நிமிடம் கழித்து அதே இடத்தைத் தாண்டி விமானம் பூப்போல இறங்கியது. யாரும் பயப்படவில்லை, யாரும் எதுவும் எழுதவில்லை. இறங்கிய குழந்தைகள் வாசலில் பனியை உருட்டி எறிந்து விளையாடின.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தது, கீழே இறங்கி வந்தவள் சோற்று உருண்டையைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நடந்ததை மட்டும்தான். மறுநாளிலிருந்து நடை படிக்கட்டுக்கு மாறியது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஐந்து மாடி ஏறுவாள், இறங்குவாள், திரும்ப ஏறுவாள். மேலே நிற்கும்போதும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரே விமானத்துக்கு மூன்று முறை, நான்கு முறை விரலை நீட்டிப் பார்த்தாள். பதில் சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள். ஒருநாள் என் மேசைக்கு வந்து சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"டவருக்குள்ள பேசறதெல்லாம் பதிவாகுதே, அதை எத்தனை நாள் வச்சிருக்காங்க, ஓகிதா சான்?"

"முப்பது நாள். அப்புறம் அது மேலேயே அடுத்தது பதிவாகும். ஏன்?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற ஆளா அவள்? ஆனாலும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் கமேயாமா, பெண்சாதி உலர்த்திய சீமைப்பனிச்சைப் பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வருடா வருடம் கொடுப்பார். பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னிக்கு அந்த ஓனுமா பயலை நாலு வாங்கு வாங்கினேன். விமானம் வர்ற நேரத்துல உள்ள நின்னுகிட்டு ஆர அமர அளந்துகிட்டு இருக்கான். மேல இவாசே சான் பாத்துகிட்டு இருப்பாங்கன்னு தைரியம். வேற ஆளா இருந்தா என்ன ஆகியிருக்கும்?"

பழத்தை அப்படியே போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன். இவாசேயை மூன்றாவது மாடியில் பிடித்தேன். கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தாள். எனக்கு அதுவே பயமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. விடு" என்றேன்.

"போகல, ஓகிதா சான்."

"என்ன போகல? யாருக்கு என்ன ஆச்சு? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத. சொன்னா உன்னை அந்த இடத்தை விட்டு இறக்கிடுவாங்க. கீழ ஒரு நாற்காலியில போடுவாங்க. நாற்காலியில உன்னால ஒரு நாள் இருக்க முடியுமா? செத்துப் போயிடுவே."

"தெரியும்."

"அங்க தாஜிரி சானுக்கு இப்பத்தான் ஒழுங்கா இடைவேளை கிடைக்குதாம். போன வாரம் போன்ல சொன்னார். நீ வாயைத் திறந்தா சோதனையே நின்னுடும். அவங்க எல்லாம் திரும்பவும் நின்னுகிட்டே தூங்கணும்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சா வாயை மூடிட்டுப் போ."

அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்காம காலின்னு சொன்னேன். அது தப்பு, ஆனா மனுஷத் தப்பு, யாருக்கும் வரும். அதுக்குத்தானே பக்கத்துல ஒரு ஆளை நிக்க வச்சாங்க? நான் பாக்காம சரின்னும் சொல்லிட்டேனே, ஓகிதா சான். சரின்னு சொன்னது யாரு?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, நவம்பரில் சிரித்த என் மேல். எழுந்து இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி அதுவரை நடந்த சோதனையைப் பரிசீலிக்க முரோயி வந்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. "நாலு மாசம், ஒரு குறை இல்ல" என்று அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். மற்ற பத்து ஊர்க்காரர்களுக்கு அனுப்ப, நன்றாகச் செய்துகாட்டிய ஒருவர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று இவாசேயைப் பார்த்தார். நான் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"பேசறதைவிட, ஜனவரி இருபதாம் தேதி, பத்து நாற்பதுப் பதிவைப் போட்டுக் கேளுங்க" என்றாள்.

எங்கள் விமான நிலையத் தலைவருக்கு முகம் வெளுத்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் குரல் நல்லதற்கில்லை என்று தெரிந்தது. பதிவை எடுத்துவரப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஒலித்தது. கமேயாமாவின் குரல். கட்டை மேசையில் நகரும் சத்தம். இவாசேயின் குரல், "ஓடுபாதை, காலி!" அதை ஒட்டியே இன்னொரு குரல், "காஆலி, சரிங்கோ."

முரோயி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நெற்றி சுருங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"இது என்ன? ரெண்டு பேர் இருக்காங்களே. பத்து நாற்பது ஒத்தை ஆள் நேரம்தானே? பட்டியல்ல யார் பேர் இருக்கு?"

கட்டம் என்னுடையது. நான்தான் சொல்ல வேண்டும். "இவாசே மட்டும்தான்" என்றேன்.

"அப்ப அந்த ஆம்பளைக் குரல்?"

"நான்தான்" என்றாள் இவாசே.

அறையில் ஒருவர் சிரிக்க வாயெடுத்தார், அப்படியே அடக்கிக்கொண்டார். முரோயி மறுபடி போடச் சொன்னார். இன்னொரு முறை. மூன்றாவது முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ஒன்பது வருடம் அவளுக்குப் பதில் சொன்னவர் அவர். ஓடுபாதையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கண் பார்த்து வர எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாலு செகண்டாவது ஆகணும்" என்றார். "இதுல ஒரு செகண்ட்கூட இல்ல."

"மேல கேளு, முரோயி."

கேட்டார்கள். விமானிக்குக் கொடுத்த வார்த்தை. அதன்பிறகு ஓனுமாவின் குரல்: "வழுக்கல் வண்டி வெளியே வந்தாச்சு." முரோயி சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

கூட்டம் கலைந்தபிறகு நடைகூடத்தில் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். நான் கோப்பைகளைப் பொறுக்குவதுபோல் கதவருகே நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் பதினோரு நாள் பொறுத்திருந்தா அழிஞ்சு போயிருக்கும்" என்றார் முரோயி.

"நான் வாயை மூடிகிட்டு இருந்திருப்பேன். எனக்குள்ள சரின்னு சொன்ன அந்த இன்னொருத்தி மூட மாட்டேங்கிறா."

"அங்க நம்ம ஆளுங்களுக்கு நான் என்ன சொல்றது, இவாசே?"

"எனக்குத் தெரியல. ஒரே மிசோ சாறை ரெண்டு கிண்ணத்துல மாத்தி மாத்தி ஊத்தினா சாறு கூடுமா? புதுசா காய்ச்சணும்."

"காய்ச்சக் காசு கேட்டு மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் திரும்பி வந்தது. அப்புறம்தான் இந்தத் திட்டம்."

"நாலாவது தடவை எழுது. கூடவே இந்தப் பதிவை வச்சு அனுப்பு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். வணங்கினாரா, வெறுமனே குனிந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச்சில் உத்தரவுத் தாள் வந்தது. பனிக்காலத்திலும், ஓடுபாதையில் எந்த வண்டி ஏறினாலும் டவரில் இரண்டு பேர் இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் ஒருவர். பத்து ஊர்களுக்கும் ஒரு வருடம் தள்ளிவைப்பு. இதற்காகச் சோதனையே குப்பைக்குப் போகும் என்று நினைத்தவர்களுக்கும் ஏமாற்றம், நிரந்தரமாகும் என்று நினைத்தவர்களுக்கும் ஏமாற்றம். தாஜிரி பனிக்காலத்துக்கு மட்டும் இங்கே, மிச்ச மாதம் அங்கே என்று ஆயிற்று. போனில் கத்தினார்: "நான் என்ன, நாடோடிக் கொக்காம்மா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ எப்படி இருக்கா?" என்று கேட்டார். "கொஞ்சம் நடக்கிறா" என்றேன்.

பொய். நிறைய நடந்தாள். அவளை இறக்கிவிட்டார்கள். மறுபடி தேர்வு எழுதி, மறுபடி ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சரி என்று சொல்லும்வரை டவரில் காலெடுத்து வைக்கக்கூடாது. எப்போது தேர்வு என்று தாளில் இல்லை. அதுவரை என் அறையில் ஒரு நாற்காலி. காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவாள், நடுவில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் தோள் விறைக்கும். நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். என் கட்டத்தில் அவள் பெயர் இருந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். வேறு பெயர் எழுதக் கை வரவில்லை. தலைவர் திட்டினார், திட்டட்டும்.

அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்புக் கட்டையை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்க, மற்றொன்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு அறையை மூடினோம். எங்கள் அறையில் மண்ணெண்ணெய்க் கணப்பு அடுப்பு ஒன்று உண்டு, மேலே கெட்டில் வைத்திருப்போம். பத்தொன்பது வருடமாகக் குமிழைத் திருகுவேன், பையை எடுப்பேன், போவேன். அன்று திருகியபிறகு என்னையறியாமல் விரல் நீண்டது. எத்தனை கேலி செய்திருக்கிறேன், எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"அடுப்பு, அணைஞ்சாச்சு!"

இவாசே வாசலில் மேலங்கி போட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றாள். பூட்ஸைக் கழற்றினாள். அறையைக் கடந்து வந்து, என் விரலைப் பார்க்காமல், அடுப்புக்கு முன்னால் குனிந்து அதன் கண்ணாடிக்குள் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நான் மனசுக்குள் எண்ணினேன்.

"இல்ல, ஓகிதா சான்" என்றாள். "ஓரத்துல இன்னும் எரியுது."

நான் மறுபடி திருகினேன். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.